கொடி பிடிப்பவரின் முதல் ஐந்து கிலோமீட்டர்

ஜனவரி மாத அரை மாரத்தானுக்குப் பேசராக, அதாவது பிறருக்கு வேகம் அமைத்துக் கொடுத்து ஓடுபவராக, வர விரும்புவோர் பெயர் கொடுக்கலாம் என்ற செய்தி எங்கள் ஓட்டக் குழுவின் வாட்ஸ்அப்பில் வந்த சில நிமிடங்களிலேயே, பலரும் தங்கள் பெயருக்குப் பக்கத்தில் தங்களின் மிகச் சிறந்த நேரத்தையும் எழுதத் தொடங்கிவிட்டார்கள். ஒருவர் 1:38 (1 மணி 38 நிமிடம்), இன்னொருவர் 1:45. அனைவரும் எனக்குத் தெரிந்தவர்கள், நல்ல மனதோடு முன்வந்தவர்கள். ஆனாலும் அந்தப் பட்டியலைப் படித்தபோது எனக்குக் கவலைதான் வந்தது. வேகமாக ஓடத் தெரிந்தவர் பிறரை ஓட்டிச் செல்லவும் தெரிந்தவராக இருப்பார் என்று நாம் எப்படியோ நம்பிக்கொண்டிருக்கிறோம். அந்த நம்பிக்கைக்கு ஒருமுறை என் கால்கள் விலை கொடுத்திருக்கின்றன.

ஓட்டத்தோடு பழக்கம் இல்லாதவர்களுக்காகச் சொல்கிறேன். அரை மாரத்தான் என்பது 21.0975 கிலோமீட்டர். அதை 2 மணி 30 நிமிடத்தில் முடிக்க விரும்புகிறவர், மணிக்கட்டுக் கடிகாரத்தை நொடிக்கொரு தரம் பார்த்துக்கொண்டே ஓட வேண்டியதில்லை. 2:30 என்று எழுதிய கொடியை முதுகில் கட்டிக்கொண்டு ஒருவர் முன்னால் ஓடுவார், அவர்தான் பேசர். அவரைச் சுற்றிச் சேரும் கூட்டத்தை நாங்கள் 'பஸ்' என்போம். பேசருக்குச் சம்பளம் கிடையாது. அன்றைக்குத் தன்னுடைய ஓட்டத்தை விட்டுக்கொடுத்து, முன்பின் தெரியாத முப்பது நாற்பது பேருக்காக அவர் ஓடுகிறார்.

என் இரண்டாவது அரை மாரத்தானில் நான் 2:15 பஸ்ஸில் ஏறினேன். அந்த நேரத்துக்குக் கிலோமீட்டர் ஒன்றுக்கு 6 நிமிடம் 24 நொடி ஆக வேண்டும். எங்கள் பேசர் முதல் ஐந்து கிலோமீட்டரையும் ஆறு நிமிட வேகத்தில் ஓடினார். இப்போதே இரண்டு நிமிடம் சேமித்துவிட்டால் கடைசியில் உதவும் என்று உற்சாகமாகச் சொல்லிக்கொண்டே வந்தார். எங்களுக்கும் அது சந்தோஷமாகத்தான் இருந்தது. விடியலுக்கு முந்தைய இருட்டு, குளிர்ந்த காற்று, நன்றாக ஓய்வெடுத்திருந்த கால்கள். பதினான்காவது கிலோமீட்டரில் என் தொடைகள் கல்லாக இறுகிவிட்டன. அங்கிருந்து நடையும் ஓட்டமுமாக இழுத்துக்கொண்டு போய் 2:28-க்குத்தான் முடித்தேன். சேமித்த இரண்டு நிமிடத்துக்கு வட்டியாகப் பதின்மூன்று நிமிடம் போயிற்று. பேசரோ குறித்த நேரத்துக்குள் எல்லையைத் தொட்டிருந்தார், ஏறக்குறையத் தனியாக. அவர்மீது இன்றுவரை எனக்குக் கோபம் இல்லை. ஆனால் பேசர் சரியான நேரத்துக்கு வந்து சேர்ந்தார் என்பதை வைத்து மட்டும் அவர் வேலையை மதிப்பிடக் கூடாது என்பதை அன்றுதான் புரிந்துகொண்டேன்.

பேசரின் வேலை என்றதும் எனக்கு ஒரு பழைய ஓட்டம்தான் நினைவுக்கு வரும். 1954 மே 6 அன்று, ஆக்ஸ்ஃபோர்டின் இஃப்லி சாலை மைதானத்தில், ரோஜர் பேனிஸ்டர் ஒரு மைலை 3 நிமிடம் 59.4 நொடியில் ஓடி, நான்கு நிமிடத்துக்குள் மைலை முடித்த முதல் மனிதரானார். முதலில் கிறிஸ் பிராஷரும், அவரையடுத்து கிறிஸ் சாட்டவேயும் முன்னால் ஓடி அவருக்கு வேகம் அமைத்துக் கொடுத்தார்கள். முதல் சுற்றிலேயே பேனிஸ்டர் பின்னாலிருந்து இன்னும் வேகமாகப் போகச் சொல்லிக் கத்தினார். பிராஷரோ தன் வேகத்தை மாற்றவில்லை. அந்தச் சுற்று 57.5 நொடியில் முடிந்தது. நான்கு சுற்று கொண்ட மைலுக்குச் சுற்றொன்றுக்கு அறுபது நொடி போதும் என்பதால், அது தேவையைவிடக் கூடுதல் வேகம்தான். பேனிஸ்டரின் பேச்சைக் கேட்டு பிராஷர் இன்னும் விரைந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். அதே பிராஷர்தான் 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில், தடைகளையும் நீர்க்குழியையும் தாண்டி ஓடும் ஸ்டீபிள்சேஸில் தங்கம் வென்றார், பின்னர் 1981-இல் லண்டன் மாரத்தானைத் தொடங்கியவர்களில் ஒருவரானார். எனக்கு அவருடைய பதக்கத்தைவிட அந்த முதல் சுற்று நிதானம்தான் பெரிதாகத் தெரிகிறது.

கடந்த மூன்று ஆண்டுகளாக நான் 2:30 கொடியைச் சுமக்கிறேன். அதற்குக் கணக்குப்படி கிலோமீட்டருக்கு 7 நிமிடம் 6 நொடி. ஆனால் கூட்டத்தில் வளைந்து நெளிந்து ஓடும்போது நம் கைக்கடிகாரம் 21.3 கிலோமீட்டர் வரை காட்டிவிடும். அந்த இருநூறு மீட்டர் ஒன்றேகால் நிமிடத்துக்கு மேல் விழுங்கிவிடும் என்பதால், கடிகாரத்தில் 7:02 என்று வைத்துக்கொண்டு ஓட வேண்டும். இதை ஒரு நாளில் பழகிவிட முடியாது. சென்னைக் கலங்கரை விளக்கத்திலிருந்து சாந்தோம், பட்டினப்பாக்கம் வழியாகத் திரு.வி.க. பாலம் ஏறி இறங்கிப் பெசன்ட் நகர் போய்த் திரும்பும் ஞாயிற்றுக்கிழமை ஓட்டங்களில், கடிகாரத்தைப் பார்க்காமலேயே அந்த வேகம் காலில் தங்கும்வரை ஓடிப் பார்ப்பேன். பாலத்தில் ஏறும்போது வேகத்தை விட்டுவிட்டு மூச்சின் சீரைப் பிடித்துக்கொள்ள வேண்டும். இறங்கும்போது அந்தச் சில நொடிகள் தானாகத் திரும்பி வந்துவிடும்.

ஓட்ட நாளில் கொடியும் ஒரு வேலை வைக்கும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் கடல்காற்று பக்கவாட்டில் அடித்தால், கொடிக்கம்பு தோளைப் பின்னுக்கு இழுக்கும், துணி காதருகே படபடவென்று அடித்துக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தத்துக்கு நடுவில் நான் கவனிப்பது பின்னால் வருகிறவர்களின் மூச்சைத்தான். பேச்சு நின்று, மூச்சு வாய்வழியாகச் சத்தமாக வெளிவரத் தொடங்கினால் அந்த ஆளுக்கு வேகம் மிஞ்சுகிறது என்று பொருள். தண்ணீர் மேசைக்கு இருநூறு மீட்டர் முன்னதாகவே குரல் கொடுத்துவிடுவேன். இல்லாவிட்டால் முப்பது பேரும் முதல் மேசையிலேயே மோதிக்கொண்டு நிற்பார்கள்.

சென்ற ஜனவரியில் என் பஸ்ஸில் ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவர் இருந்தார். வங்கி ஊழியர், அதுதான் அவருக்கு முதல் அரை மாரத்தான். ஐந்து மணிக்குத் தொடங்கிய ஓட்டம் பதினைந்தாவது கிலோமீட்டரை எட்டும்போது சூரியன் மேலே வந்துவிட்டது. நம் ஊரின் ஈரக்காற்றில் அதன் பிறகு உடம்பு சுலபமாகக் குளிராது. பதினாறில் அவர் பின்தங்கத் தொடங்கினார். "மேடம், நீங்க போங்க, என்னால உங்களுக்கு லேட் ஆகுது" என்றார். நான் நின்றிருந்தால் என் பின்னால் வந்த பதினெட்டுப் பேரின் கணக்கும் கெட்டிருக்கும். "சார், இனிமே ரெண்டு நிமிஷம் ஓடுங்க, ஒரு நிமிஷம் நடங்க. தண்ணிய மட்டும் விட்டுடாதீங்க" என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன். மருத்துவ உதவி தேவைப்படும் நிலை என்றால் கொடியைச் சகப் பேசரிடம் கொடுத்துவிட்டு அங்கேயே நின்றிருப்பேன்; இது வெறும் களைப்பு. முடிவு சரியானதுதான், இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனாலும் அடுத்த ஐந்து கிலோமீட்டரும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டேதான் ஓடினேன். அவர் 2:36-க்கு வந்தார். கொடியைக்கூடக் கழற்றாமல் எல்லையில் காத்திருந்தேன். இருவருக்கும் பேச்சு வரவில்லை. அவர் என் கைகளைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் நின்றார்.

ஆகவே பேசர்களைத் தேர்ந்தெடுக்கும் நண்பர்களிடம் என் வேண்டுகோள் ஒன்றுதான். பெயர் கொடுப்பவர்களிடம் சிறந்த நேரத்தைக் கேட்காதீர்கள். அவர்கள் கடைசியாக ஓடிய நீண்ட ஓட்டத்தின் ஒவ்வொரு கிலோமீட்டர் நேரத்தையும் கேட்டு வாங்குங்கள். முதல் ஐந்துக்கும் கடைசி ஐந்துக்கும் இடையில் பெரிய வித்தியாசம் இல்லாதவருக்குக் கொடியைக் கொடுங்கள். அவருடைய சொந்த நேரம் கொடியில் உள்ளதைவிடப் பதினைந்து இருபது நிமிடம் குறைவாக இருந்தால் போதும். வேகமான நண்பர்களையும் விட்டுவிட வேண்டாம். அவர்கள் இரண்டு மாதம் மெதுவாக ஓடிப் பழகிவிட்டு வரட்டும், நானே அவர்களோடு சேர்ந்து ஓடுகிறேன்.

இந்த முறை நான் 2:45 கொடியைக் கேட்டிருக்கிறேன். கிலோமீட்டருக்கு 7 நிமிடம் 49 நொடி. இரண்டு வாரமாகப் பழகுகிறேன். முதல் ஐந்து கிலோமீட்டரில் கால்கள் இன்னும் 7:30-க்கே ஓடுகின்றன.