கையெழுத்துப் போட்டால் வீடு போய்விடுமா?

வீட்டில் தனக்கு உள்ள உரிமையை இன்னொருவருக்கு விட்டுக்கொடுக்கும் பத்திரம்தான் க்விட்கிளைம். 'அதில் கையெழுத்துப் போட்டால் வீட்டின் மேல் உரிமை முடிந்தது' என்று, அதைப் பற்றி நான் படித்த கட்டுரை ஒரே வரியில் சொல்லிவிட்டது. கலிபோர்னியாவில் கதை அப்படி இல்லை.

என் தங்கைக்கு நடந்தது. பழைய வீட்டுக் கடனை அடைக்க மறுகடன் வாங்கும்போது அவளுடைய கிரெடிட் ஸ்கோர் குறைவு, வீட்டுப் பத்திரத்திலிருந்து அவள் பெயரை எடுத்தால் வட்டி குறையும் என்றார்கள். சமையலறை மேடையிலேயே நோட்டரி முன்னால் க்விட்கிளைமில் கையெழுத்துப் போட்டாள். அடுப்பில் ரசம் கொதித்துக்கொண்டிருந்ததாம்! மூன்று வருடம் கழித்து விவாகரத்து. 'நீதான் எழுதிக் கொடுத்துவிட்டாயே' என்றார் மாப்பிள்ளை.

வக்கீல் சொன்னது வேறு. அங்கே கணவன் மனைவி ஒருவருக்கொருவர் நம்பிக்கைப் பொறுப்பு உள்ளவர்கள், அதாவது ஒருவரை ஒருவர் ஏமாற்றாமல் நேர்மையாக நடந்துகொள்ளச் சட்டப்படி கடமைப்பட்டவர்கள். ஒருவருக்கு மட்டும் லாபம் தரும் பத்திரம் என்றால், நெருக்கடி கொடுத்து வாங்கியதாகத்தான் நீதிமன்றம் முதலில் எடுத்துக்கொள்ளும். அவள் விவரம் தெரிந்து, மனமொப்பி எழுதினாள் என்று நிரூபிக்க வேண்டியது கணவர்தான். 1995-லேயே இதுபோன்ற வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம், பத்திரத்தில் யார் பெயர் என்பதைவிட இந்த அனுமானமே மேல் என்று சொல்லியிருக்கிறது. தங்கைக்குப் பாதிப் பங்கு கிடைத்தது.

அப்புறம், இதன் மறுபக்கத்தைக் கட்டுரை தொடவே இல்லை. இந்தப் பத்திரம் உரிமையைத்தான் மாற்றும், வங்கிக் கடனை அல்ல. வீட்டை எழுதிக் கொடுத்தவர் பெயரும் கடனில் இருந்தால், வீட்டை வாங்கிக்கொண்டவர் தவணை தவறினால் எழுதிக் கொடுத்தவரையும்தான் வங்கி கேட்கும்.