‘புவாரியே’ எல்லோரும் ஒரே குடும்பமா?

“பிரான்சின் பதினான்காம் லூயி மன்னருடைய வெர்சாய் அரண்மனைத் தோட்டத்தில் பேரிக்காய் வளர்த்தவருக்கு மன்னரே சூட்டிய பட்டம்தான் புவாரியே. யுஎஃப்சி என்ற கலப்புச் சண்டைப் போட்டியின் முன்னாள் வீரர் டஸ்டின் புவாரியே உட்பட அந்தப் பெயருள்ள எல்லோரும் அவருடைய வாரிசுகள்” என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் உண்மையில்லை.

பிரெஞ்சில் புவாரியே என்றால் பேரிமரம், அவ்வளவுதான். ‘புளியமரத்து வீட்டுக்காரர்’ என்று நாம் அடையாளம் சொல்வோமே, அதே கதைதான். வீட்டோரம் பேரிமரம் நின்றவருக்கு ஊரார் வைத்த பெயர், பிள்ளைகளுக்கும் ஒட்டிக்கொண்டது. பேரிமரம் ஒரே ஊரிலா இருந்தது? பல ஊர்களில், தொடர்பில்லாத பல குடும்பங்களுக்கு இப்பெயர் அமைந்தது.

தேதியும் இடிக்கிறது. வெர்சாயில் மன்னரின் காய்கனித் தோட்டத்தை அவருடைய தோட்டக்கலைஞர் லா கென்தினி அமைக்கத் தொடங்கியது 1678இல். ஆனால் கடல் கடந்து, இன்றைய கனடாவின் கிழக்கோரத்தில் இருந்த பிரெஞ்சுக் குடியேற்றமான அகாடியாவில், 1671ஆம் ஆண்டு குடிக்கணக்கிலேயே ஒரு புவாரியே இருக்கிறார்! 1755 முதல் ஆங்கிலேயர் அகாடியர்களை விரட்டியபோது பலர் கடைசியில் இன்றைய அமெரிக்காவின் லூசியானாவில் குடியேறினார்கள். டஸ்டின் பிறந்த லஃபயெத் அந்தப் பகுதிதான். 1885இல் கனடாவின் முதல் அகாடிய செனட்டரான பஸ்கால் புவாரியேவும் இப்பெயர்க்காரரே.

சந்தேகமிருந்தால் பிரெஞ்சு மொழியியலாளர் ஆல்பெர் தோசாவின் 1951 குடும்பப்பெயர் அகராதியைப் புரட்டிப் பாருங்கள். அந்தச் செய்தி வந்தால் தயவுசெய்து ஃபார்வர்ட் செய்யாதீர்கள். அனுப்பியவருக்கு இதை அனுப்புங்கள்.