கால நீட்டிப்பு தானாகக் கிடைத்துவிடாது

“கட்டுமான வரைபடம் தாமதமானது வேலை கொடுத்தவரின் தவறு; ஆகவே வேலையை முடிக்க ஒப்பந்ததாரருக்குக் கால நீட்டிப்பு தானாகவே கிடைக்கும், கடிதமெல்லாம் வேண்டாம்” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இது ஆபத்தான அறிவுரை.

பல நாடுகளில் புழங்கும் மாதிரிக் கட்டுமான ஒப்பந்தமான ஃபிடிக் (ஆலோசனைப் பொறியாளர்களின் பன்னாட்டுக் கூட்டமைப்பு) சிவப்புப் புத்தகத்தின் 1999 பதிப்பில் 20.1ஆம் பிரிவைப் படியுங்கள். ஒப்பந்ததாரர் 28 நாட்களுக்குள் அறிவிப்புக் கொடுக்காவிட்டால் கூடுதல் காலமும் இல்லை, பணமும் இல்லை. தவறு யாருடையது என்ற கேள்வியே அங்கு எழாது. அந்த 28 நாட்களும் உங்களுக்கு விஷயம் தெரிந்த நாளிலிருந்து மட்டுமல்ல, தெரிந்திருக்க வேண்டிய நாளிலிருந்தே ஓடத் தொடங்கிவிடும். பலர் சறுக்குவது இங்கேதான்.

கூட்டக் குறிப்பில் பதிவானால் போதும் என்பாரும் உண்டு. 2017 பதிப்பு அதற்கும் இடம் தரவில்லை: அறிவிப்பு எழுத்தில் இருக்க வேண்டும், ‘அறிவிப்பு’ என்றே அடையாளமிடப்பட்டிருக்கவும் வேண்டும். அந்தப் பதிப்பில் வேலை கொடுத்தவரின் கோரிக்கைகளுக்கும் இதே 28 நாள் கெடுதான்.

ஒப்பந்தத்தை ஆளும் சட்டம் சில நாடுகளில் இக்கெடுவைத் தளர்த்தலாம். ஆனால் அது வழக்கறிஞர் கடைசியில் தேடும் வாதம். தவிர, மாதிரியை மாற்றி உங்கள் ஒப்பந்தத்தில் சேர்த்த சிறப்பு நிபந்தனைகளில் 28 என்பது 14 ஆகியிருக்கிறதா என்றும் பாருங்கள்.