பத்தே நாள் சுயேச்சை

காலையிலிருந்து வயிறு எரிகிறது. தெரு சாக்கடை மறுபடியும் பொங்கி, பட்டறை வாசலில் கணுக்கால் அளவுக்கு நிற்கிறது. உள்ளே கொலுசு வேலை பார்க்கிற பையன்கள் இரண்டு பேரும் ஸ்டூல் மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். இதே சாக்கடையைக் காட்டித்தான் 2022 பிப்ரவரி மாநகராட்சித் தேர்தலில் எங்கள் வார்டுக்கு கவுன்சிலராக நின்ற அந்த மகான் எங்களிடம் ஓட்டுக் கேட்டார்.

சுயேச்சை. பூட்டு சாவி சின்னம். "ரெண்டு பக்கமும் சேர்ந்து ஊரைப் பூட்டி வச்சிருக்காங்க, சாவி உங்க விரல்லதான் இருக்குதுண்ணா" என்று சேலம் செவ்வாய்ப்பேட்டையில் தட்டுவடை செட் கடை முன்னால் நின்று பேசுவார். கையிலிருக்கிற தட்டுவடை நொறுங்கி, பீட்ரூட் துருவல் வெள்ளைச் சட்டையில் விழும். அதுகூடத் தெரியாமல் பேசுவார், அவ்வளவு ஆவேசம். ஒருநாள் மம்பட்டியோடு அவரே சாக்கடையில் இறங்கினார். "போட்டோவுக்கு இறங்கியிருக்கான்" என்று என் வீட்டுக்காரி அன்றைக்கே சொன்னாள். நான் அவளைச் சத்தம் போட்டேன். அதற்கு இன்றுவரை வட்டி கட்டிக்கொண்டிருக்கிறேன்.

கவர் வந்தது, ஒன்றல்ல, இரண்டு. இரண்டையும் திருப்பிக் கொடுத்தேன். பக்கத்து வீட்டில் வாங்கி வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். சிரிக்கட்டும், நமக்கு ஒரு நல்ல ஆள் கிடைத்துவிட்டார் என்று இருந்தேன்.

பிப்ரவரி 22 ஓட்டு எண்ணிக்கை. ஜெயித்தார், வெடி போட்டோம். மேயரை அந்தத் தடவை நாம் தேர்ந்தெடுக்கவில்லை, கவுன்சிலர்கள் கூடி ஓட்டுப் போட்டார்கள். அது மார்ச் 4. நடுவில் பத்தே நாள். அதற்குள் பூட்டு சாவி கரை வேட்டிக்கு மாறிவிட்டது. எந்தக் கரை என்பது முக்கியமில்லை. எந்தப் பக்கம் கை ஓங்கியிருந்ததோ அந்தப் பக்கம். "வார்டுக்கு நல்லது நடக்கணும்னா உள்ள இருந்துதான்ண்ணா செய்ய முடியும்" என்றார். சரி, செய்யட்டும் என்று பொறுத்தேன். உள்ளே போனவர் உள்ளேயே இருக்கிறார். சாக்கடைதான் வெளியே வந்திருக்கிறது.

எம்.எல்.ஏ. இப்படிச் செய்ய முடியாது, தெரியுமா? சுயேச்சையாக ஜெயித்துவிட்டு ஒரு கட்சியில் சேர்ந்தால் பதவியே போய்விடும். 1985-இல் கொண்டுவந்த கட்சித் தாவல் தடைச் சட்டம், அரசியலமைப்பின் பத்தாவது அட்டவணை. ஆனால் அந்த அட்டவணை நாடாளுமன்றத்துக்கும் சட்டமன்றத்துக்கும் மட்டும்தான். வார்டு கவுன்சிலர் காலையில் ஒரு துண்டு, மாலையில் ஒரு துண்டு போட்டாலும் அது அவரைத் தொடாது. சட்டம் செய்தவர்களுக்குத் தங்கள் வீட்டுக் கதவு மட்டும் கண்ணில் பட்டிருக்கிறது.

"சுயேச்சையை நம்பினது உன் தப்பு, மூணாவதா ஒரு கட்சியைப் பாரு" என்கிறான் என் மச்சான். பார்த்தேனே! 2006-இல் விஜயகாந்த் தனியாக நின்றார். விருத்தாசலம் ஒரே ஒரு தொகுதி, ஆனால் மாநிலம் முழுக்க எட்டு சதவீதத்துக்கு மேல் ஓட்டு. அந்த ஓட்டில் என்னுடையதும் ஒன்று. 2011-இல் அ.தி.மு.க.வோடு சேர்ந்து 29 இடம் வாங்கி எதிர்க்கட்சித் தலைவரானார். 2016-இல் மக்கள் நலக் கூட்டணியோடு நின்றபோது மொத்தக் கூட்டணிக்கும் ஒரு இடம்கூட இல்லை, அவருக்கே உளுந்தூர்பேட்டையில் டெபாசிட் போனது. கமல் 2018-இல் கட்சி ஆரம்பித்து, 2019-இல் டார்ச்லைட்டோடு வந்தார். 2024-இல் தி.மு.க. கூட்டணி, அடுத்த வருடம் மாநிலங்களவை. அவர்களுக்கு ஆயிரம் காரணம் இருக்கும். எனக்கு ஒன்றுதான் புரிகிறது. நாம் கோபத்தில் போடுகிற ஓட்டை எண்ணிப் பார்த்துத்தான் கூட்டணிப் பேச்சில் விலை வைக்கிறார்கள். கூட்டணியே வேண்டாம் என்று நிற்கிற நாம் தமிழருக்கு 2024-இல் எட்டு சதவீதத்துக்கு மேல் வந்தது, மாநிலக் கட்சி அங்கீகாரமும் கிடைத்தது, ஒரு இடம் கிடைக்கவில்லை. அவர்கள் பேசுகிற பலதும் எனக்கு ஒத்துவராது, அது தனிக்கதை.

நோட்டா? 2013-இல் உச்ச நீதிமன்றம் சொல்லி சட்டமன்ற, நாடாளுமன்றத் தேர்தல் மெஷினில் வந்தது. அதற்கு எத்தனை ஓட்டு விழுந்தாலும், அடுத்தபடியாக அதிகம் வாங்கிய ஆள்தான் ஜெயித்தவர். கோபத்தைக் காட்டிவிட்டு வீட்டுக்கு வந்து படுத்துக்கொள்ளலாம்.

பழைய வெள்ளி கொண்டுவந்தால் அண்ணன் தம்பி என்றாலும் உருக்கி டச், அதாவது வெள்ளி எவ்வளவு சுத்தம் என்று, பார்க்காமல் நான் விலை சொல்ல மாட்டேன். முப்பது வருடத் தொழில். அப்படிப்பட்டவன் மம்பட்டி பிடித்த கையைப் பார்த்து ஏமாந்தேன். போன மாதம் மழையில் அவரைப் பிடித்தேன். காரின் கண்ணாடியைப் பாதி இறக்கி, "மேல சொல்லியிருக்கேன்ண்ணா" என்றார். சக்கரம் கிளப்பிய தண்ணீர் என் வேட்டியில். அன்றைக்கு ஓட்டுக் கேட்டுப் பேசிய ஆள் மாதிரிகூட இல்லை, யாரோ ஒருவரைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

அதுகூடப் போகட்டும். மூன்றாவது சந்தில் ஒரு பிள்ளை இருக்கிறாள், வக்கீலுக்குப் படித்தவள். இந்தச் சாக்கடைக்காக ஒரு வருடமாக ஆர்.டி.ஐ. போட்டு, எந்த வேலைக்கு எவ்வளவு ஒதுக்கினார்கள் என்று நோட்டு முழுக்க எழுதி வைத்திருக்கிறாள். அடுத்த தேர்தலில் சுயேச்சையாக நிற்கப் போகிறாளாம். போன ஞாயிற்றுக்கிழமை அந்த நோட்டைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்கு வந்தாள், "நீங்க முன்மொழிஞ்சா நல்லா இருக்கும்ண்ணா" என்றாள். பட்டறைப் பையனை டீ வாங்கி வரச் சொன்னேன். நோட்டை நான் பிரிக்கக்கூட இல்லை, வாயிலிருந்து முதலில் வந்ததே இதுதான்: "ஜெயிச்சா எந்தக் கட்சிக்குப் போவ?"

டீயைப் பாதியிலேயே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள்.