வோல்டேஜ் குறைந்தால் ஹீட்டர் கூடுதல் கரண்ட் இழுக்காது

அண்ணே, "ஒத்தக்கடையில் சாயங்காலம் வோல்டேஜ் 180க்கு இறங்கினால் வாட்டர் ஹீட்டர் கரண்டை அதிகமாக இழுக்கும், அதனால் யூனிட் எகிறும்" என்று எழுதியிருக்கிறீர்கள். ஹீட்டருக்கு இது பொருந்தாது.

230 வோல்ட், 1000 வாட் ஹீட்டர் ராடை எடுத்துக்கொள்வோம். கரண்ட் 1000 ÷ 230, அதாவது சுமார் 4.35 ஆம்பியர். மின்தடை 230 ÷ 4.35, ஏறத்தாழ 53 ஓம். உள்ளே இருக்கும் நிக்ரோம் கம்பியின் மின்தடை சூடானாலும் பெரிதாக மாறாது. அப்போது 180 வோல்ட்டில் கரண்ட் 180 ÷ 53 = 3.4 ஆம்பியர்தான். பவர் 180 × 3.4, சுமார் 612 வாட். வோல்டேஜ் இறங்கியது கால்பங்குக்கும் குறைவு, பவரோ கிட்டத்தட்ட 40 சதவீதம் போய்விட்டது! தண்ணீர் காய நேரமாகும். அந்தக் கூடுதல் நேரத்தில் வெளியே போகும் சூட்டுக்குத்தான் யூனிட் கொஞ்சம் கூடும், அவ்வளவே.

நீங்கள் சொன்னது மோட்டாருக்குச் சரி. மேலூர் பக்கம் தோட்டத்து போர் மோட்டார் அதே சுமையை இழுத்தாக வேண்டும், அதனால் வோல்டேஜ் குறைந்தால் கரண்ட் ஏறும், காயில் கருகும். அங்கே வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினாலும் சரியான வாட் வராது, பவர் ஃபேக்டரையும் (வோல்ட் × ஆம்பியரில் உண்மையில் வேலைக்குப் போகும் பங்கு) சேர்த்துப் பெருக்க வேண்டும்.