பொடி வளையம்தான் சிறந்ததா? தவறு

“கண்ணாடி டவரில் பேக்கிங் எவ்வளவு பொடியோ அவ்வளவு நல்லது, மேலிருந்து அப்படியே கொட்டலாம்” என்று ராணிப்பேட்டை சிப்காட் பக்கம் வாட்ஸ்அப்பில் சுற்றும் குறிப்பு தவறு. பேக்கிங் என்பது, ரசாயன ஆலை டவரில் மேலேறும் ஆவியும் கீழிறங்கும் திரவமும் நன்றாகத் தொட்டுக்கொள்ள உள்ளே நிரப்பும் வளையங்கள்.

பொடி வளையத்தில், அதாவது மிகச் சிறிய வளையத்தில், தொடும் பரப்பு கூடும், உண்மைதான். ஆனால் ஆவி ஏறும் வழி குறுகி, இறங்கவேண்டிய திரவம் பேக்கிங் மேலேயே நுரைத்துத் தேங்கும். அதுதான் ஃப்ளடிங். வளையத்தின் அளவு டவர் விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு போதும்: 150 மி.மீ. டவருக்கு 15 மி.மீ. வளையம். எட்டில் ஒரு பங்கைத் தாண்டினால் திரவம் சுவரோரமாக வழிந்துவிடும்.

கொட்டவே கூடாது. தாங்கு தட்டும் ஸ்டாண்டும் எடை தாங்குமா என்று பார்த்துவிட்டு, டவரில் தண்ணீர் நிரப்பி, பிடிபிடியாக விடுங்கள். உலர்ந்த டவரில் விழும் பீங்கான் வளையம் உடையும், துணுக்கு தட்டை அடைக்கும், கண்ணாடிச் சுவரில் கீறல் விழும். பின்னாளில் விரிசல் ஓடுவது அந்தக் கீறலிலிருந்துதான்.

ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஓடும் டவரில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பேக்கிங் வேண்டவே வேண்டாம், அரித்துவிடும்.