கோயாவை இறக்கி வைத்தவர்களுக்கு

ஞாயிற்றுக்கிழமை நடந்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இரண்டு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். முடியவில்லை. நான் மாட்டியிருந்த, ஸ்பெயின் ஓவியர் கோயாவின் காளைச் சண்டைப் படப் பிரதிகளை இறக்கி, சுவர்ப் பக்கம் திருப்பிச் சாத்தி வைத்திருந்தார்கள். கொடுமையைக் கொண்டாடுகிற படங்களாம்.

கொண்டாடுகிறதா? பார்த்துவிட்டுத்தான் சொன்னீர்களா?

1816-இல் வந்த 'தௌரோமாக்கியா' தொகுப்பில் 33 படங்கள். கோயாவுக்கு எழுபது வயது. காது கேளாமல் போய் இருபது வருடத்துக்கு மேலாகிவிட்டது. செப்புத் தகட்டை அமிலத்தில் அரித்து எடுத்த அச்சுகள் அவை. 21-ஆவதை மட்டும் பாருங்கள். காளை வேலியைத் தாண்டி, ஜனங்கள் உட்காரும் படிக்கட்டில் ஏறி நிற்கிறது. கொம்பில் டொர்ரெஹோன் ஊர்த்தலைவரின் உடல். வலப்பக்கம் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து ஓடுகிறார்கள். இடப்பக்கம் வெறுமை. வேடிக்கை பார்க்க வந்தவனைத் தேடி வந்த சாவு அது. தொகுப்பின் கடைசிப் படமும் சாவுதான்: 1801-இல் மாட்ரிட் களத்தில் இறந்த காளைச் சண்டை வீரர் பெப்பே இல்யோ. ஒரு வெற்றியோடு முடித்திருக்கலாமே, கொண்டாடுகிறவர் என்றால்?

வரைந்தவன் கொன்றவன் இல்லை.

"கோயாவே காளைச் சண்டைப் பிரியர்தானே" என்பீர்கள். ஆமாம். இளமையில் தானே காளையோடு மோதியதாக அவர் சொல்லிக்கொண்டதை அவருடைய நண்பரும் எழுத்தாளருமான மொராத்தின் என்பவர் ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். மறைக்கவில்லை. ஆசையோடு போனவர் என்பதால்தான் இவ்வளவு கிட்டத்தில் பார்க்க முடிந்தது என்பது என் எண்ணம்.

"நீ ஜல்லிக்கட்டு ஊர்க்காரன், அதான்" என்று ஒருவர். இரண்டுக்கும் முடிச்சுப் போடாதீர்கள். ஸ்பெயினில் வாள் பாய்ந்து காளை சாவதுதான் ஆட்டத்தின் முடிவு. எனக்கு அது ஆகாது. 2010-இல் ஸ்பெயினின் கட்டலோனியா மாநிலம் காளைச் சண்டைக்குத் தடை போட்டபோது மகிழ்ந்து எழுதியவன் நான். 2016-இல் ஸ்பெயினின் அரசியலமைப்பு நீதிமன்றம் அதை ரத்து செய்தபோது வருந்தியவனும் நான்தான். திரும்பவும் சொல்கிறேன், வரைந்தவன் கொன்றவன் இல்லை.

பதினோரு வயதில் எங்கள் வண்டிமாடு செத்தது. குழி வெட்டி முடிப்பதற்குள் நோட்டில் அதை வரைந்தேன். பெரியப்பா பிடுங்கி எறிந்தார். "செத்ததப் போயி வரையிறியே, மனசாடா அது?" அழுதுகொண்டேதான் வரைந்தேன். மூடாத அந்தக் கண்ணை வேறு எப்படி வைத்துக்கொள்வேன்? அப்பத்தாதான் அந்தத் தாளை எடுத்து ரேஷன் கார்டு டப்பாவுக்குள் வைத்தாள்.

இப்போது "ரத்தவெறி" என்று என் பேரைப் போட்டு எழுதியவர் எங்கள் வீட்டில் எத்தனையோ முறை கை நனைத்தவர். என் பிள்ளைகள் மாமா என்று கூப்பிடுகிற மனிதர். இறக்குவதற்கு முன்னால் ஒரு போன் போட்டு, "ஏண்ணே இத மாட்டுன?" என்று கேட்டிருக்கலாம். விடிய விடியச் சொல்லியிருப்பேன்.

பிரதிகளை எடுத்து வந்துவிட்டேன். ஒன்றில் கண்ணாடி விரிசல். 21-ஆவது படம் எங்கள் வீட்டு முன்னறையில், வாசலில் நுழைந்ததும் கண்ணில் படுகிற இடத்தில் இருக்கிறது. அவர் சாப்பிட வந்தாலும் இறக்க மாட்டேன்.